விளையாட்டும் இறுக்க உடையும்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பார்கள் நம் பெரியோர். விளையாட்டுக் களத்தில் இப்பழமொழி எவ்வளவு தூரம் செல்லும்? தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர்ப் பக்கங்களில் விடியற்காலையில் ஓடுவோரைப் பாருங்கள். கெண்டைக்காலில் இறுக்கமான உறையும், தொடையைக் கவ்விய காற்சட்டையும் அணிந்தோர் பலர். ‘கம்ப்ரஷன்’ என்று கடைக்காரர் கூறும் இவ்வுடையைக் கடன்பட்டாவது வாங்க நம் நண்பர்கள் சிலர் விரும்புகின்றனர். அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை நாம் படிக்கும் இயற்பியலைக் கொண்டே ஆராய்வோம்.

இரத்தமும் ஈர்ப்பும்

இதயத்திலிருந்து காலுக்கு வந்த இரத்தம் சிரைகளின் வழியே மேலே திரும்ப வேண்டும். நிற்பவரின் இதயத்திற்கும் கணுக்காலுக்கும் இடையே ஏறத்தாழ 120 செ.மீ. உயரம் உண்டு. இரத்தத்தை நீர் என்றே கொண்டு, 1200 மி.மீ. நீர்த்தம்பத்தைப் பாதரசத்தின் ஒப்படர்த்தியாகிய 13.6-ஆல் வகுத்தால் சுமார் 88 மி.மீ. பாதரச அழுத்தம் கிடைக்கிறது. அசையாமல் நிற்கும்போது கணுக்காலின் சிரைகள் தாங்கும் சுமை இது. நடக்கும்போது கெண்டைத் தசை சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. உள்ளிருக்கும் வால்வுகள் அதைத் திரும்பவிடுவதில்லை. வால்வுகள் பழுதானால் சிரை புடைத்துச் சுருளும். ஊரில் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்பது இதையே.

இறுக்கக் காலுறை வளர்ந்தது இந்நோயாளிகளுக்காகவே. அமெரிக்காவில் வாழ்ந்த கான்ராட் ஜாப்ஸ்ட் என்னும் பொறியாளர், தம் கால்நோயின் துன்பம் நீச்சல் குளத்தில் நிற்கையில் குறைவதை உணர்ந்தார். நீரின் அழுத்தம் அடியில் மிகுதி, மேலே குறைவு. அவ்வாறே அழுத்தும் காலுறையை 1950-ஐ ஒட்டி உருவாக்கினார். 1958-இல் டூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பாண்டெக்ஸ் இழையைக் கண்டார். அதுவே இன்றைய விளையாட்டு உடைக்கு உயிர்.

எங்கள் வீட்டிற்கு இக்காலுறை விளையாட்டின் பொருட்டு வரவில்லை. துணிக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் என் தாயாருக்காக வந்தது. கடை ஊழியர்க்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்தியது. நிற்பவருக்குக் காலுறை துணைதான்; உட்கார ஓர் இருக்கையும் அவ்வப்போது சிறு நடையும் அதைவிட இன்றியமையாதவை.

வேகம் கூடுமா?

2009-இல் ரோம் நகரில் நடந்த உலக நீச்சல் போட்டியில், உடலை இறுக்கும் பாலியூரித்தேன் உடைகளின் துணையோடு 43 உலக சாதனைகள் முறிந்தன. 2010 முதல் அவ்வுடைகள் தடை செய்யப்பட்டன. ஆனால் அவை குறைத்தது நீரின் தடையை, மிதப்பிற்கும் உதவின. தரையில் ஓடுபவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. ஓட்ட வேகம் கூடுவதாகப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டவில்லை. கடும் பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி ஓரளவு குறைவதாகச் சில காட்டுகின்றன. அதிலும் ஓர் ஐயம் உண்டு: மாத்திரையைப் போல, அணிபவருக்கே தெரியாமல் இவ்வுடையை அணிவித்துச் சோதிக்க இயலாது. நம்பிக்கையும் வலியைக் குறைக்கும் அல்லவா?

தேர்ந்தெடுக்கும் முறை

பரப்பு இழுவிசைப் பாடத்தில் வரும் லாப்லாஸ் விதியை நினைவு கூர்க. உருளை வடிவில் அழுத்தம் என்பது இழுவிசையை ஆரத்தால் வகுத்தது. கணுக்காலின் சுற்றளவு 21 செ.மீ., கெண்டைக்காலின் சுற்றளவு 35 செ.மீ. என்க. இழுவிசை இரண்டிடத்திலும் சமமாக இருந்தால், கணுக்காலில் 20 மி.மீ. அழுத்தும் காலுறை கெண்டையில் 12 மி.மீ. மட்டுமே அழுத்தும். நமக்கு வேண்டியதும் இதுவே. நேர்க்குழாயாகத் தைத்த மலிவான உறையோ கெண்டையில் அதிகம் விரிவதால் அங்கு இழுவிசை கூடி, முறை தலைகீழாகவும் கூடும்.

ஆகவே ‘மீடியம்’, ‘லார்ஜ்’ என்னும் எழுத்தை நம்பாமல், கால் வீங்காத காலை வேளையில் இரண்டு சுற்றளவையும் அளந்து, உறையின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுக. 20 மி.மீ.க்கு மேற்பட்ட அழுத்தம் மருத்துவர் சொன்னால் மட்டுமே. சர்க்கரை நோயோ, காலில் தமனி அடைப்போ உள்ளவர்கள் அவரைக் கேளாமல் அணியலாகாது.

அணியும் முறை

உலர்ந்த காலில், சுருக்கமின்றி மேலே ஏற்றுக. மேல்விளிம்பைச் சுருட்டி மடித்தால் அது கயிறு போல் கட்டி இரத்தத்தையே தடுக்கும். மரத்துப்போதல், குறுகுறுப்பு, விரல் நிறம் மாறுதல் ஆகியவை தோன்றின் உடனே கழற்றுக. நம் சித்திரை வெயிலில் வியர்வையோடு நெடுநேரம் அணிந்திருந்தால் படை வரும். குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துக. வெந்நீரும் முறுக்கிப் பிழிதலும் இழையின் மீள்தன்மையைக் கெடுக்கும்.

நண்பர்களே! கையிலுள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் காலுக்குப் பொருந்தும் காலணி வாங்குங்கள். இறுக்க உடை இல்லை என்பதற்காகக் களத்தில் எவரும் கூச வேண்டியதில்லை. என்னைப் போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள் நம்மில் பலர். விளம்பரம் சொல்வதை அளவு நாடாவால் அளந்து பார்க்கும் துணிவைக் கல்வி நமக்குத் தந்திருக்கிறது. அதைக் களத்திலும் பயன்படுத்துவோம். வீட்டில் நின்று களைத்த கால்களுக்கும் பயன்படுத்துவோம்.