தம்புள்ளை மண்ணுக்கடியில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தம்புள்ளைப் பக்கத்தில் பாறையைப் பற்றிப் பேச்செடுத்தால் அது இரண்டில் ஒன்றாகத்தான் முடியும். பாறைக்குக் கீழே புதையல் இருக்கிறது என்பார்கள். இல்லையென்றால், வெளிநாட்டுக் கம்பனிக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போகப்போகிறான் என்பார்கள். ஆசையும் பயமும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன: தன் காலுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை ஊருக்கு யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. அதனால் சொல்லப்படும் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: சூரியன், சந்திரன், நாகம் செதுக்கிய கல்லுக்குக் கீழே பொன் உண்டு.

கல்வெட்டில் சூரியனையும் சந்திரனையும் செதுக்கியது, கொடுத்த கொடை அவை உள்ளவரை நிலைக்க வேண்டும் என்பதற்காக. தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளிலும் இதே வழக்கம் உண்டு. சிங்களத் தூண் கல்வெட்டுகளில் காகமும் நாயும் வருவது, கொடையைக் கெடுப்பவன் அப்படிப் பிறப்பான் என்ற சாபத்துக்காக. குளத்து மதகருகே நிற்கும் நாகக்கல் நீருக்குக் காவல். இவற்றில் ஒன்றுகூடப் புதையலுக்கு வழிகாட்டும் படம் அல்ல. இதைத் தெரியாமல் இரவில் பக்கோ இயந்திரத்தோடு போய், கல்லை உடைத்து, பிறகு பொலிசில் மாட்டுகிறவர்களைப் பற்றிய செய்தி பத்திரிகைகளில் ஓய்வதே இல்லை.

தோண்டினால் உண்மையில் என்ன கிடைக்கும்? நகருக்கு அருகேயுள்ள இப்பன்கட்டுவ ஈமக்காட்டை 1980களின் இறுதியில் இலங்கை, ஜெர்மன் தொல்லியலாளர்கள் அகழ்ந்தார்கள். கற்பலகைகளால் அமைத்த அறைகள், மண்தாழிகள், எரித்த எலும்பின் சாம்பல், மணிகள். அந்த மணிகளில் சில இந்த நாட்டில் கிடைக்காத கல்லால் செய்யப்பட்டவை. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தம்புள்ளைக்குக் கடல் கடந்த வணிகம் இருந்ததை அவைதான் சொல்கின்றன. புதையல் தேடுகிறவன் முதலில் வீசி எறிவது இந்த மணிகளையும் ஓட்டுத் துண்டுகளையும்தான். சிகிரியாவுக்கு அண்மையில் அலகொலவெவவில் பழைய இரும்பு உருக்கு உலைகள் வெளிப்பட்டன. கனிமத்தைத் தேடி, கண்டெடுத்து, உருக்கத் தெரிந்தவர்கள் இந்த மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். புதையலைவிடப் பெரிய செய்தி இது.

நம்பிக்கை: என் காணியில் கிடைத்தால் என் சொத்து.

இல்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டப்படி, நிலம் யாருடையதாக இருந்தாலும் அதிலுள்ள கனிமம் குடியரசுக்கே உரியது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தேடவும் கூடாது, தோண்டவும் கூடாது. இரத்தினக்கல்லுக்கு 1993இன் வேறொரு சட்டமும் தனி அதிகார சபையும் உண்டு. தொல்பொருளுக்கு 1940இலிருந்தே கட்டளைச் சட்டம் இருக்கிறது.

நம்பிக்கை: நாமல் உயனவின் ரோசாப் படிகக் கல் கோடி பெறும்.

தம்புள்ளையிலிருந்து சிறிது தூரத்தில், மாவட்ட எல்லை தாண்டி இருக்கும் அந்த இளஞ்சிவப்புக் குன்றுகள் அழகானவை, மிகப் பழையவை. ஆனால் அந்தக் கல் குவார்ட்ஸ். உலகெங்கும் கிடைக்கும், சந்தையில் மலிவானது. மலையாக நிற்கும்போதுதான் அதற்கு மதிப்பு. உடைத்துப் பையில் போட்டால் அது வெறும் கல். நீலக்கல்லிலும் இதே மயக்கம்தான்: 2021இல் இரத்தினபுரியில் 510 கிலோ நீலக்கல் கொத்து கிடைத்தது என்ற செய்தியோடு 100 மில்லியன் டொலர் என்ற கணக்கும் பரவியது. இரத்தினக்கல்லுக்கு எடையால் மட்டும் விலை வராது. தெளிவும் நிறமும் வெட்டக்கூடிய தன்மையும் வேண்டும்.

நம் மாத்தளை மாவட்டத்தில் எலஹெரப் பக்கத்து மாணிக்கக் குழிகளின் பெயரே வெளியே தெரியும். ஓவல, கைகாவல பக்கம் எடுக்கும் பெல்ட்ஸ்பாரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் வீட்டுப் பீங்கான் கோப்பைக்கும் குளியலறை ஓட்டுக்கும் வேண்டிய கனிமம் அதுதான்.

நம்பிக்கை: கனிம ஆய்வு வெள்ளைக்காரன் வேலை.

1903இல் தொடங்கிய இலங்கைக் கனிமவியல் அளவையின் முதல் பணிப்பாளர் ஆனந்த குமாரசுவாமி. கலை அறிஞராக உலகம் அறிந்த அதே மனிதர்தான். தோரியம் நிறைந்த தோரியனைற்று என்ற கனிமத்தை உலகுக்குக் காட்டியவரும் அவரே. பாறை மாதிரி தேடிக் கிராமம் கிராமமாக நடந்தபோதுதான் அழிந்துகொண்டிருந்த கைவினைகள் அவர் கண்ணில் பட்டன. 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் வந்தது. நிலத்தையும் அதன்மேல் வாழும் மனிதரையும் சேர்த்துப் பார்த்த அந்தக் கண் இன்றைய ஆய்வாளருக்கும் வேண்டும்.

நம்பிக்கை: ஆய்வுக்கு அனுமதி கொடுத்தால் சுரங்கம் வந்துவிட்டது.

இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும். ஆய்வு அனுமதிப்பத்திரம் வேறு, சுரங்க அனுமதிப்பத்திரம் வேறு. ஒன்றிலிருந்து மற்றது தானாக வந்துவிடாது. ஆய்வு சரியாக நடந்தால் அது மக்களுக்கே துணை நிற்கும் என்பதற்கு அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவல சாட்சி.

1971இல் அங்கே பொஸ்பேற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. 1990களில் அமெரிக்காவின் பிரீபோர்ட் மக்மொரான் கம்பனியைப் பங்காளியாகக் கொண்ட திட்டத்துக்கு அரசு ஒப்பந்தம் தயாரித்தது: 30 ஆண்டில் 26.1 மில்லியன் தொன் எடுப்பதாக. அப்போது உறுதிசெய்யப்பட்டிருந்த இருப்போ 25 மில்லியன் தொன், மிச்சமெல்லாம் ஊகம். எப்பாவல விவசாயிகளும் ஊர் விகாரைப் பிக்குவும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஜூனில் வந்த தீர்ப்பு ஒப்பந்தத்தை நிறுத்தியது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் முழு ஆய்வு செய்து, எங்கே, எவ்வளவு, எந்தத் தரத்தில் இருக்கிறது என்பதை வெளியிட வேண்டும். சுற்றாடல் அனுமதியும் பெற வேண்டும். அதற்கு முன் ஒப்பந்தம் கூடாது என்றது நீதிமன்றம். அதாவது, ஊரைக் காப்பாற்ற நீதிமன்றம் கேட்டதே ஆய்வைத்தான்.

மன்னாரில் நடந்தது இதற்கு எதிர்ப்பக்கம். தீவின் இல்மனைற்று மணலில் டைட்டானியம் சாண்ட்ஸ் என்ற அவுஸ்திரேலியக் கம்பனி துளையிட்டது. எத்தனை தொன் இருக்கிறது என்ற முடிவுகள் அவுஸ்திரேலியப் பங்குச் சந்தைக்கு ஆங்கிலத்தில் அறிவிக்கப்பட்டன. கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே கிடக்கும் தீவு அது. மணலைத் தோண்டினால் கிணற்று நீர் உப்பாகும் என்று மக்கள் அஞ்சிப் போராடுவதில் தவறே இல்லை. முதலீட்டாளருக்குப் போன கணக்கு அதே தீவின் பேசாலை மீனவருக்கும் தமிழில் போயிருக்க வேண்டும். என் குற்றச்சாட்டு துளையின்மேல் அல்ல; துளையிட்டுக் கண்டதை மண்ணின் மக்களிடம் சொல்லாத வழக்கத்தின்மேல்.

மின்வாகன பற்றரிக்குக் காரீயம் (கிராபைற்று) வேண்டும் என்று உலகம் தேடும் காலம் இது. போகல, கஹட்டகஹ காரீயச் சுரங்கங்களின் பெயர் இனி அடிக்கடி காதில் விழும். நம் மாவட்டத்துக்கும் ஆய்வாளர்கள் வரலாம். வந்தால் விரட்டவும் வேண்டாம், வாய்மூடி நிற்கவும் வேண்டாம். கையிலிருப்பது எந்த அனுமதிப்பத்திரம், எத்தனை துளை, முடிவு யாருக்குப் போகிறது என்று பிரதேச செயலகத்திலும் பணியகத்திலும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாளுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்.