கோலத்தில் ஒரு கணக்கு

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு நான்காக மூன்று வரிசை புள்ளிகள் வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே இரண்டு சாய்கோடுகள் குறுக்கிட வேண்டும். குறுக்கிடும் இடத்தில் கோடு நேரே செல்ல வேண்டும். ஓரத்தை அடைந்ததும் வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். நம் வீட்டு வாசலில் காணும் சிக்குக் கோலந்தான் இது.

பேனாவை எடுக்காமல் வரைந்தால், பன்னிரண்டு புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். இனி நான்குக்கு ஆறு வைத்துப் பாருங்கள். கோலத்தில் பாதி மிச்சமிருக்கும்போதே இழை மூடிக்கொள்ளும். இரண்டாம் இழை வேண்டும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று இழை.

விதி எளியது. இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண்களுள் மிகப் பெரியது எதுவோ, அத்தனை இழைகள்.

ஏன்? நான்குக்கு ஆறில் ஓர் ஓரமாக நான்குக்கு நான்கு சதுரத்தைக் கோடிட்டுப் பிரியுங்கள். அச்சதுரத்துக்குள் நுழையும் இழை, மற்ற மூன்று ஓரங்களையும் ஒவ்வொரு முறை தொட்டுவிட்டு, நுழைந்த இடத்திலேயே வெளிவருகிறது. அவ்விடத்தில் ஒரு சுவர் இருந்து திருப்பி அனுப்பியது போலத்தான். ஆகவே சதுரத்தை வெட்டி எறிந்தாலும் இழைகளின் எண்ணிக்கை மாறாது. எஞ்சுவது நான்குக்கு இரண்டு. அதிலும் ஒரு சதுரம் வெட்டினால் இரண்டுக்கு இரண்டு. சதுரத்தில் ஒவ்வோர் இழையும் ஓர் ஓரத்தை ஒரே முறைதான் தொடும். ஓரத்தில் திரும்புமிடம் இரண்டு. எனவே இழையும் இரண்டு. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே போகும் இம்முறை, ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிடு எழுதி வைத்த அதே முறையாகும்.

தாம்பரம் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தின் இலக்கணத்தை 1974-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். வாசல்படியில் கிடந்த கலை கணிப்பொறி அறிவியலில் இடம் பெற்றது.

கழக்கூட்டத்தில் எங்கள் வாடகை வீட்டு வாசல் குறுகியது. அம்மா அங்கே நாள்தோறும் மூன்றுக்கு நான்கு புள்ளிதான் வைப்பார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். "எனக்குக் கணக்கு வராது" என்பார். என் பாடத்தைப் பற்றி ஒருநாள் கேட்டபோது, "உனக்குப் புரியாதம்மா" என்று சொல்லிவிட்டேன். இவ்விதியைக் கற்ற பிறகு, "ஏன் நான்குக்கு நான்கு வைப்பதில்லை?" என்று கேட்டேன். "சதுரமாக வைத்தால் இழை அறுந்து அறுந்து போகுமே, தெரியாதா?" என்றார்.

தெரியாமல்தான் இருந்தேன். அன்று சொன்ன சொல்லுக்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

தோழர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு: ஒன்பதுக்குப் பதினைந்து புள்ளிக்கு எத்தனை இழை? விடையை வரைந்து பார்க்குமுன் வெட்டிப் பாருங்கள். பிறகு வீட்டில் கோலமிடுபவரிடமும் கேளுங்கள்.

(விடை: மூன்று)