சாய்ப்பில் நிற்கும் கப்சாய்

அன்புள்ள மருமகனுக்கு மாமன் எழுதும் ஆசீர்வாதம்.

உன் தகப்பனார் கார் வாங்கிய நாள் முதலாக லயத்து வீட்டுச் சாய்ப்பில் சாக்குப் போர்த்தி நிற்கும் அந்தப் பழைய ஹோண்டா சி-70 கப்சாயை மறுபடியும் ஓட்ட நீ ஆசைப்படுவதாகவும், கால் ஓயுமட்டும் உதைத்துப் பார்த்தும் அது கிளம்பவில்லை என்றும் அக்கா சொன்னார். ஆசை நல்லதுதான், உதைப்பதை மட்டும் உடனே நிறுத்து. மாதக்கணக்கில் அசையாது கிடந்த யந்திரத்தில், சிலிண்டரின் உட்சுவரில் படிந்திருந்த எண்ணெய் வடிந்துபோயிருக்க, பிஸ்டன் வளையங்கள் வறண்ட உலோகத்தின்மேல் உராய்வதால், அவசரத்தில் கொடுக்கும் ஒவ்வோர் உதையும் அதன் ஆயுளைக் குறைக்கிறது.

ஆகவே பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, ஓர் இரவு பொறுத்திருந்து, மறுநாள் கிக்கரைக் கையாலேயே மெல்ல அழுத்திப் பார். தடையின்றி இறங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. எஞ்சினுக்குள் இருக்கும் பழைய எண்ணெயையும் அளவுகோலில் தொட்டுப் பார். அது பால் தேநீர் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்று கொள். வெளுக்காவிட்டாலும் மாற்றிவிடு, அதில் சிக்கனம் பார்க்காதே.

நீங்கள் வசிக்கும் மலையூரான தானா ராத்தாவின் சீதோஷ்ணம் தேயிலைக்கு எவ்வளவு உகந்ததோ, நிறுத்திவைத்த மோட்டாருக்கு அவ்வளவு பகை. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தைச் செழிக்கவைத்த அந்த ஈரக்காற்றேதான், ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்து இராக்குளிரில், பாதி காலியான பெட்ரோல் தொட்டியின் உட்சுவரில் நீர்த்துளிகளாகப் படிகிறது. அந்நீர் பெட்ரோலைவிடக் கனமாதலால் அடியில் தங்கித் தகட்டைத் துருப்பிடிக்கச் செய்கிறது. பெட்ரோலோ, எளிதில் தீப்பற்றும் தன் லேசான அம்சத்தை முதலில் ஆவியாக இழந்து, நாளடைவில் பிசினாகத் திரிந்துபோகிறது. தொட்டியிலுள்ளதை ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்து அசையாமல் வைத்தால், அடியில் நீர் தனியே பிரிந்து நிற்பதையும் துருப்பொடி இறங்குவதையும் நீயே காணலாம். இந்த வேலையைச் சாமி விளக்கும் அடுப்பும் இருக்கும் பக்கம் செய்யாதே, வெட்டவெளியில் செய்.

பெரும்பாலும் நோயின் ஸ்தானம் கார்புரேட்டர்தான். அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் பழுப்புநிறப் பிசின் ஒட்டியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று மகிழ்ந்து மூடிவிடுகிறவர்களே அதிகம். அது போதாது. கிண்ணத்துக்கு மேலே திருகப்பட்டிருக்கும் சிறிய பித்தளை ஜெட்டை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்: அதன் நடுத்துவாரம் வழியே ஒரு புள்ளி ஒளி தெரியவேண்டும். தெரியாவிட்டால் அடைப்பு. குண்டூசியால் குத்தினால் பித்தளை அகன்று, பெட்ரோலின் அளவு நிரந்தரமாகக் கெட்டுவிடுமாதலால், கார்புரேட்டர் சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்து, மிஞ்சினால் மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பிழையை மட்டும் நுழைத்துப் பார்.

இதன்பின் புதுப் பெட்ரோல் ஊற்றி நாலைந்து முறை உதை. கிளம்பாவிட்டால் மேலும் உதைக்காமல் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார். இந்த ஒரு பரிசோதனையை அறியாமல்தான் பலர் நல்ல பாகங்களையெல்லாம் மாற்றிப் பணத்தை விரயம் செய்கிறார்கள். முனை உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்துசேரவில்லை. மறுபடி கார்புரேட்டருக்கே போ. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, தீப்பொறிதான் சந்தேகம். அப்போது பிளக்கை அதன் தொப்பியில் பொருத்தி, துவாரத்திலிருந்து தள்ளி, எஞ்சினின் உலோகத்தில் படும்படி வைத்து, துவாரத்தைத் துணியால் மூடிக்கொண்டு உதைத்தால் நீலப்பொறி தெறிக்கவேண்டும். தெறிக்காவிட்டால் முதலில் புதுப் பிளக் ஒன்றைப் போட்டுப் பார். பிறகு தீப்பொறியை எழுப்பும் பாயிண்டின் முகத்தில் படிந்த மாசைக் கெட்டியான சுத்தக் காகிதத்தால் உரசி, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வை. பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்து வண்டி மட்டும் மௌனம் சாதித்தால், பிளக் துவாரத்தைக் கட்டைவிரலால் அடைத்து ஒருவரை உதைக்கச் சொல். விரலைக் காற்று உந்தித் தள்ளாவிட்டால் அது நம் கைக்கு மீறிய காரியம், மெக்கானிக்கிடம் கொண்டுபோ. 1958-இல் பிறந்து, 2017-இல் பத்துக் கோடி வண்டிகளைத் தாண்டிவிட்ட ஹோண்டா கப் வம்சத்தைச் சேர்ந்த வண்டியாதலால் உதிரிபாகத்துக்கு நீ அதிகம் அலைய வேண்டியிராது.

கிளம்பிய பிறகு பிளக் சற்றே கரிபிடித்திருந்தால் கலங்காதே. உங்கள் மலையில் காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகையால் சமவெளிக் கணக்குக்கு அமைந்த ஜெட் கொஞ்சம் கூடுதலாகவே பெட்ரோலைக் கொடுக்கும். தாப்பாவுக்கு இறங்கினால் அதே வண்டி தானாகச் சுகப்படும்.

பிரேக்கில் மட்டும் தாட்சண்யம் கூடாது. இரண்டு சக்கரங்களின் டிரம்களையும் திறந்து, துருவைத் தேய்த்து, கம்பிகளுக்கு எண்ணெய் விட்டு, டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று காற்றடிக்கும்போதே பார்த்துக்கொள். சாலை வரியும் காப்புறுதியும் புதுப்பித்தாயிற்றா என்று அப்பாவைக் கேள். முதல் ஓட்டத்துக்கு ரிங்லெட் பக்கம் இறங்காதே. வழியில் நின்றுபோனால் மேட்டில் தள்ளிக்கொண்டு வரவேண்டியிருக்கும். பிரிஞ்சாங் பக்கம் ஏறு. நின்றாலும் நியூட்ரலில் போட்டு, பிரேக்கைப் பிடித்தபடி பெரும்பகுதி உருட்டிக்கொண்டே வீடு வந்துவிடலாம்.

உன் அன்புள்ள,
மாமன்