மதியத்தில் வந்த பேப்பர்

ஐதராபாத்தில் அமீர்பேட் மெட்ரோ நிலையம் இருக்கிறது. இரண்டு ரயில் பாதைகள் அங்கே சந்திக்கின்றன. மாலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் அங்கே ரயில் மாறுவார்கள். பலர் கையில் செல்போன் இருக்கும். செய்தியும் அதிலேயே வந்துவிடும்.

செல்போன் இல்லாத காலத்தில் ரயிலில் என்ன படித்தார்கள்? பம்பாய்க்குப் போய்ப் பார்ப்போம். இன்று அதன் பெயர் மும்பை.

காலைப் பேப்பரில் முந்தின நாள் செய்தி இருக்கும். இன்று காலையில் நடந்தது நாளைக்குத்தான் வரும். ரேடியோ உண்டு. ஆனால் வேலை நேரத்தில் ரேடியோ கேட்க முடியுமா? இந்த இடைவெளியில்தான் மதியப் பேப்பர் பிழைத்தது. காலையில் எழுதுவார்கள். மதியத்துக்குள் அச்சடிப்பார்கள். மின்சார ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் வாங்கிப் படிப்பார்கள். நம் மாலை முரசு, மாலை மலர் போலத்தான்.

பெஹ்ராம் கான்ட்ராக்டர் என்று ஒரு பத்திரிகையாளர் இருந்தார். 1979இல் தொடங்கிய 'மிட் டே' பேப்பரில் ஆசிரியராக இருந்தார். 1985இல் அதை விட்டு வந்து சொந்தமாக ஒரு பேப்பர் தொடங்கினார். அதன் பெயர் 'ஆஃப்டர்நூன் டெஸ்பாட்ச் அண்ட் கூரியர்'. ஆஃப்டர்நூன் என்றால் பிற்பகல்.

அவருடைய புனைபெயர் 'பிசிபீ'. சுறுசுறுப்பான தேனீ என்று பொருள். ஊர் நடப்பைப் பற்றித் தினமும் எழுதுவார். அவர் வீட்டு நாய் போல்ஷாய் அதில் வரும். 21ஆவது மாடி நண்பர் வருவார். மனைவி, பிள்ளைகள் வருவார்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள், சிரிப்பு வரும். செய்திக்காக வாங்கியவர்களை விட இதற்காக வாங்கியவர்களே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது.

2001 ஏப்ரலில் அவர் இறந்தார். பேப்பர் தொடர்ந்து வந்தது. ஆனால் 24 மணி நேரமும் செய்தி சொல்லும் டி.வி. வந்துவிட்டது. பிறகு செல்போனிலும் செய்தி வந்தது. இன்னொரு தொல்லையும் உண்டு. காலைப் பேப்பர் கட்டு விடியுமுன் போகும். அப்போது சாலை காலி. மதியப் பேப்பர் கட்டு நெரிசலில் மாட்டிக்கொள்ளும். ஆட்கள் ரயில் ஏறிப் போனபின் கட்டு வந்தால் யார் வாங்குவார்கள்?

டி.வி.தான் அதைக் கொன்றது என்று சொன்னால் பாதிதான் சரி. டி.வி. செய்தியைத்தான் எடுத்துக்கொண்டது. பிசிபீயின் எழுத்தை டி.வி.யால் தர முடியாது. ஆனால் அவரும் இல்லை. 2019இல் 'ஆஃப்டர்நூன்' நின்றது. அப்போது அதற்கு வயது 34.

எழுதிப் பாருங்கள்: உங்கள் ஊருக்கு மாலைப் பேப்பர் வருகிறதா? எத்தனை மணிக்கு வருகிறது? அதில் நீங்கள் முதலில் படிப்பது எது?