அரிப்புக்கும் வீக்கத்துக்கும் பச்சிலை: முழுமையான வழிகாட்டி

மூலிகை பழக விரும்புகிறவர்கள் முப்பது செடிகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். அவ்வளவு தேவையில்லை. குப்பைமேனி, நொச்சி, மஞ்சள் மூன்றும் போதும். தோலின் மேலே வரும் சொறி, அரிப்பு, மூட்டுவலி, லேசான வீக்கம். இந்த மூன்று செடிகளின் எல்லை அவ்வளவுதான். காய்ச்சலோடு வரும் எந்தத் தொற்றும் மருத்துவரின் வேலை.

படி 1: செடியை அடையாளம் காணுங்கள்

குப்பைமேனியை யாரும் நடுவதில்லை. ஒரு மழை பெய்தால் சுவரோரம் தானே முளைக்கும். இலை விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும், காம்பு நீளமாக இருக்கும். கதிரில் பச்சைநிறச் சின்னக் கிண்ணங்கள் அடுக்கடுக்காக நிற்கும். வேரோடு பிடுங்கிப் போட்டால் தெருப்பூனை வந்து அதன்மேல் புரளுவதும் உண்டு!

நொச்சி புதராக வளரும். ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து இலைகள், அடிப்புறம் வெளிறிய சாம்பல் நிறம். கசக்கினால் வாடை மூக்கில் ஏறும்.

சாலையோரத்திலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்காதீர்கள். ஒரு தொட்டியில் குப்பைமேனி வளர்த்துக்கொள்வது சுலபம்.

படி 2: குப்பைமேனிப் பற்று

ஒரு கைப்பிடி இலையை ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். சிறு துண்டு மஞ்சளும் ஒரு சிட்டிகை கல் உப்பும் சேர்த்து மைய அரையுங்கள். திப்பி இருந்தால் தோலை உராயும். முதலில் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்து தடித்தால் அந்தச் செடி உங்களுக்கு ஒத்துவராது. ஒத்துவந்தால் அரிக்கும் இடத்தில் பூசி, அரைமணி நேரம் கழித்துக் கழுவிவிடுங்கள். பற்றை அன்றன்றைக்கே அரைத்துக்கொள்ளுங்கள், மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

வெட்டுக்காயம், தீக்காயம், சீழ் வைத்த புண் எதன்மேலும் பச்சிலை வைக்காதீர்கள். இலையில் ஒட்டிய மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். சாற்றைக் குடிக்கவும் வேண்டாம்: ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குக் குப்பைமேனி சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். பலருக்குத் தங்களுக்கு அந்தக் குறைபாடு இருப்பதே தெரியாது.

சிரங்கு என்றால் பற்று மட்டும் போதாது. அது தோலுக்குள் குடையும் நுண்ணிய பூச்சியால் வருவது. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட்டு, துணிமணிகளை வெந்நீரில் அலசினால்தான் போகும். படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு பச்சிலையைவிட மோசம். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.

படி 3: நொச்சி ஒத்தடம்

இருப்புச்சட்டியில் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, இரண்டு கைப்பிடி நொச்சி இலையைச் சுருள வதக்குங்கள். பருத்தித் துணியில் முடிந்து, உங்கள் மணிக்கட்டில் ஒற்றிச் சூடு பார்த்த பிறகே முழங்காலில் வையுங்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் சூடு சரியாக உறைக்காது. கொப்புளம் வந்த பிறகே கவனிப்பார்கள்.

சுளுக்கிய முதல் நாள் ஒத்தடம் வேண்டாம், ஐஸ் போதும். ஒரே மூட்டு திடீரென்று சிவந்து, கொதித்து, காய்ச்சலும் வந்தால் நொச்சியைத் தேடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.

படி 4: மஞ்சள், அளவோடு

வீக்கத்தைத் தணிப்பதாகப் பேசப்படும் குர்குமின், மஞ்சள்தூளில் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே போய்விடும். மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் பல மடங்கு கூடுதலாகச் சேர்வதை 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனாலும் மிளகு தட்டிப்போட்ட மஞ்சள்பால் தொண்டைக்கு இதம் என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லமாட்டேன். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மஞ்சள் மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

படி 5: எப்போது நிறுத்துவது

இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால் நிறுத்துங்கள். சிவப்பு பரவினாலோ, புண்ணிலிருந்து கோடு போல மேலே ஏறினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ காத்திருக்காதீர்கள். கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டாதீர்கள், உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. சர்க்கரை நோயாளியின் காலில் எவ்வளவு சிறிய புண் வந்தாலும், எந்த இலையும் வைக்காமல் நேராக மருத்துவரிடம் காட்டுங்கள்.