எண்ணூர் ஜிலேபி: சாக்கடை மீனா, கெண்டையா?

திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை ஜிலேபி மீன் தெரியாத வீடு குறைவு. விலை மலிவு. ஆண்டு முழுக்கக் கிடைக்கும். குழம்புக்கும் ஆகும், வறுவலுக்கும் ஆகும். ஆனால் இந்த மீனைப் பற்றி மீன்கடையில் தொடங்கி வாட்ஸ்அப் வரை உலவும் பேச்சில் பலவும் தவறு. அவற்றைத் திருத்தப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வாங்கிய மீனைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

நம்பிக்கை 1: ஜிலேபி ஒரு வகைக் கெண்டை, நம் ஏரிகளில் காலங்காலமாக இருப்பது.

உண்மை: கெண்டை, ரோகு, கட்லா ஆகியவற்றின் தாடையில் பல் இருக்காது; வால் கவையாகப் பிளந்திருக்கும்; மூக்குத் துளை பக்கத்துக்கு இரண்டு. ஜிலேபிக்குத் தாடையில் பல் உண்டு, வால் பிளவுபடாது, மூக்குத் துளை பக்கத்துக்கு ஒன்றுதான். முதுகுத் துடுப்பின் முன்பகுதி முழுக்கக் குத்தும் முட்கள். உடலின் பக்கவாட்டில் ஓடும் கோடு நடுவில் அறுந்து, கீழே இன்னொரு கோடாகத் தொடரும். இவை சிக்லிட் குடும்பத்தின் அடையாளங்கள். நம் ஊரில் பரவலாகக் காணப்படும் ஜிலேபியின் தாயகம் தென்கிழக்கு ஆப்பிரிக்கா. மொசாம்பிக்கில் கிடைத்த மீன்களை வைத்து ஜெர்மானிய விலங்கியலாளர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1852-ல் அதை விவரித்தார். இந்தியாவுக்கு அது வந்தது 1952-ல், உணவு மீன் வளர்ப்புக்காக. நம் பாட்டி தாத்தா காலத்து வரவு அது.

நம்பிக்கை 2: சிக்லிட் என்றாலே வெளிநாட்டு மீன்.

உண்மை: இந்தியாவுக்கே உரிய சிக்லிட்டுகள் மூன்று உண்டு. கேரளத்தார் கொண்டாடும் கரிமீன் அவற்றில் ஒன்று. பழவேற்காடு ஏரியிலும் அது வாழ்கிறது. அதன் நெருங்கிய உறவுகள் இருப்பது மடகாஸ்கரில். ஜிலேபியையும் கரிமீனையும் பிரித்தறிய வயிற்றுப்புறம், வாலுக்கு முன்னால் உள்ள அடித்துடுப்பைப் பாருங்கள். ஜிலேபிக்கு அங்கே வழக்கமாக 3 முட்கள். கரிமீனுக்கு 12 அல்லது 13.

நம்பிக்கை 3: கறுத்த ஜிலேபி சாக்கடையில் வளர்ந்தது; வெளுத்தது நல்ல தண்ணீர் மீன்.

உண்மை: இனப்பெருக்கக் காலத்து ஆண் ஜிலேபி எவ்வளவு தெளிந்த நீரிலும் கறுத்துவிடும். தொண்டை வெளுக்கும், துடுப்பு ஓரங்கள் சிவக்கும், வாய் பெருக்கும். பெண் மீன் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். ஆகவே நிறம் தண்ணீரின் தரத்தைக் காட்டாது. கழிவு கலந்த நீரில் வளர்ந்த மீன் வெளுப்பாகவும் இருக்கலாம். மீன் எந்த நீரில் பிடிபட்டது என்று விற்பவரிடம் கேட்பதே சரியான கேள்வி.

நம்பிக்கை 4: ஜிலேபி தன் குஞ்சுகளையே விழுங்கும்.

உண்மை: ஆண் மீன் தரையில் பள்ளம் தோண்டும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். முட்டை பொரிந்து குஞ்சு நீந்தும்வரை தாய் அநேகமாக இரையே எடுக்காது. பிறகும் ஆபத்து தெரிந்தால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடி ஒளியும். பார்ப்பவர் கண்ணுக்கு அது விழுங்குவதாகத் தெரிகிறது. நெரிசலில் பெரிய மீன் பிற குஞ்சுகளைத் தின்பது உண்டு, அது வேறு.

நம்பிக்கை 5: இந்த மீனின் அறிவியல் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், விஞ்ஞானிகளுக்கே தெளிவில்லை.

உண்மை: பெயர் மாறியதற்குக் காரணம் மீனை இன்னும் நுணுக்கமாகப் பார்த்ததுதான். திலாப்பியா என்ற பேரினத்தை 1840-ல் ஆண்ட்ரூ ஸ்மித் நிறுவினார். அதன்பின் நம் ஜிலேபி உட்பட, ஏறத்தாழ ஒன்றுபோல் தோன்றிய ஆப்பிரிக்க மீன்களெல்லாம் அந்த ஒரே பெயரின் கீழ் குவிந்தன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எதெல்வின் டிரெவாவாஸ் அந்தக் குவியலைப் பிரிப்பதில் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டார். செவுள் வளைவின் உட்புறம் சீப்பின் பற்களாக வரிசைகட்டி நிற்கும் சிறு முட்களை எண்ணினார். தாடைப் பற்களின் வடிவத்தையும் தொண்டை எலும்பையும் ஒப்பிட்டார். முட்டையைத் தரையில் ஒட்டித் தாயும் தந்தையும் காவல் காக்கும் இனங்களுக்குச் செவுள் முட்கள் குறைவு, பற்கள் முரடு. அவற்றில் பல நீர்த்தாவரங்களைக் கடித்துத் தின்பவை. வாயில் அடைகாக்கும் இனங்களுக்குச் செவுள் முட்கள் அதிகம், பற்கள் நுண்மை. பாசியையும் நுண்ணுயிரிகளையும் சலித்துத் தின்ன ஏற்றவை. உடலமைப்பும் உணவும் குஞ்சு வளர்க்கும் முறையும் ஒரே திசையைக் காட்டின. 1973-ல் வாயில் அடைகாப்பவற்றை அவர் சாரோதெரோடான் எனத் தனியாக்கினார். எண்பதைக் கடந்த வயதில், 1983-ல் வெளியிட்ட பெருநூலில், தாய் மட்டும் அடைகாப்பவற்றை ஓரியோகுரோமிஸ் என்று பிரித்தார். நம் ஜிலேபி அதில் சேர்ந்து ஓரியோகுரோமிஸ் மொசாம்பிகஸ் ஆனது. 2013-ல் டி.என்.ஏ. ஒப்பீட்டின் துணையோடு பழைய திலாப்பியா மேலும் பல பேரினங்களாகப் பிரிந்தது. சந்தைப் பெயரோ இன்றும் எல்லாவற்றுக்கும் திலாப்பியாதான்.

நம்பிக்கை 6: எல்லா ஜிலேபியும் ஒன்றே, கிஃப்ட் ஜிலேபி மட்டும் மரபணு மாற்றப்பட்டது.

உண்மை: கிஃப்ட் என்பது நைல் திலாப்பியா, அதாவது வேறொரு இனம். பிலிப்பைன்ஸில் 1980-களின் இறுதியில் தொடங்கிய திட்டத்தில், வேகமாக வளரும் மீன்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம்பெருக்கி உருவாக்கினார்கள். வேறு உயிரின் மரபணு எதையும் அதில் செருகவில்லை. அடையாளம் வாலில் இருக்கிறது: நைல் திலாப்பியாவின் வாலில் செங்குத்துக் கோடுகள் வரிசையாக ஓடும், மொசாம்பிகஸின் வாலில் அந்த ஒழுங்கான கோடுகள் இல்லை. இரண்டும் கலந்து பிறக்கும் கலப்பின மீன்களில் இந்த அடையாளம் குழம்பிவிடும். இந்தக் கலப்பாலேயே மொசாம்பிகஸ் தன் தாயகத்தில் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலிலும் அதே மீன் இருக்கிறது.

நம்பிக்கை 7: எண்ணூர் கழிமுகத்தின் நல்ல மீன்களை ஒழித்தது ஜிலேபி.

உண்மை: ஜிலேபி இரைக்கும் இடத்துக்கும் போட்டியிடும், அதை மறுக்க வேண்டாம். ஆனால் உவர்நீர், கடல்நீர், சூடான நீர், ஆக்ஸிஜன் குறைந்த நீர் எதிலும் தாக்குப்பிடிக்கும் மீன் அது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இந்தக் கழிமுகத்தில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது, வெந்நீர் கலந்தது, எண்ணெயும் கழிவும் சேர்ந்தன. மடவையும் இறாலும் வாழ முடியாதபடி நீர் கெட்ட இடத்தில்தான் ஜிலேபி பெருகுகிறது. மீன் மேல் மட்டும் பழி போட்டால் நீரைக் கெடுத்தவர் தப்பித்துவிடுவார்.

இதனால்தான் பெயரைச் சரியாகச் சொல்வது எண்ணூருக்கு அவசியம். மீன்வரத்துப் பதிவேட்டில் ஜிலேபி என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், பண்ணையிலிருந்து தப்பிய நைல் திலாப்பியா எப்போது கழிமுகத்துக்குள் வந்தது என்று தெரியாது. கரிமீனும் அதே வரியில் கரைந்துபோனால், அது குறைவதை எவரும் கவனிக்க மாட்டார்கள். வாலின் கோட்டையும் அடித்துடுப்பின் முள்ளையும் பார்த்து இனம் பிரிக்க மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் கற்றுத்தந்துவிடலாம். பள்ளிகளும் மீன்வளத் துறையும் அதைச் செய்ய வேண்டும். எந்த மீன் எவ்வளவு இருந்தது என்று எழுதிவைத்த ஊர்தான், எதை இழந்தோம் என்று கணக்குக் காட்டி நியாயம் கேட்க முடியும்.