யோக்கா, ஜொய்ஸ்டிக்கா?

கேள்வி: உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். இரத்மலானையில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து சிறிய விமானம் ஓட்டப் பழக ஆசை. இப்போதைக்குக் கணினியில் செஸ்னா ஓட்டுகிறேன், விசைப்பலகையால்தான். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா ஏதாவது கருவி வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். ஜொய்ஸ்டிக் விளையாட்டுச் சாமான், விமானியாக வேண்டுமென்றால் யோக்தான் சரி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?
— வாசகர், அல்லைப்பிட்டி

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள் தம்பி. பொதி கப்பலேறிய பிறகு இந்தக் கேள்வி வந்திருந்தால், அனுப்பியது எதுவோ அதுவே சிறந்தது என்று சொல்லித் தப்பியிருப்பேன்.

முதலில் நண்பர்களின் கருத்தைப் பார்ப்போம். யோக் என்பது விமானிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், இரண்டு கொம்பு வைத்த பிடி. திருப்பினால் இறக்கை சாயும், இழுத்தால் மூக்கு உயரும். செஸ்னா 152, 172 ஆகியவற்றில் இருப்பது இதுதான். சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் ஏ.டி.ஆர் விமானத்திலும் யோக்தான். ஆனால் பல பயிற்சிப் பள்ளிகள் வைத்திருக்கும் டயமண்ட் டிஏ40 விமானத்தில் விமானியின் கால்களுக்கு நடுவே நிற்பது ஒரு குச்சி. எயார்பஸ் ஏ320இல் பக்கவாட்டில் ஒரு சிறு குச்சி, அதைக் கொண்டு நூற்றைம்பது பேரை ஏற்றிப் பறக்கிறார்கள். அதை விளையாட்டுச் சாமான் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, யோக் வாங்கினால் உண்மையான செஸ்னாவின் கைப்பிடிப்பு வருமா? வராது. உண்மையான செஸ்னாவில் உங்கள் கையையும் வாலில் இருக்கும் மடலையும் கம்பிவடம் இணைக்கிறது. காற்று மடலை அமுக்குவது கையில் தெரியும். வேகம் கூடினால் பிடி இறுகும். வேகம் குறைந்து விமானம் விழப்போகும் தறுவாயில் பிடி தொளதொளக்கும். வீட்டு யோக்கின் உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங். ஓடுபாதையில் நின்றாலும் 100 நொட் வேகத்தில் பறந்தாலும் அதே இறுக்கம். ஜொய்ஸ்டிக்கிலும் அதே கதைதான். மோட்டர் வைத்து இந்த அழுத்தத்தை உண்டாக்கும் கருவிகளும் உண்டு. அவற்றின் விலையை அண்ணாவிடம் சொல்லாமல் விடுவது நல்லது.

இதனால் டிரிம்மும் புரண்டுவிடுகிறது. டிரிம் என்பது பிடியில் விழும் பாரத்தைக் கழற்றிவிடும் சிறு சக்கரம். உண்மையான விமானத்தில் யோக்கை வேண்டிய இடத்தில் பிடித்தபடி, பாரம் போகும்வரை சக்கரத்தைச் சுழற்றுவார்கள். பிறகு கையை எடுத்தாலும் யோக் அங்கேயே நிற்கும். வீட்டில் கையை எடுத்ததும் ஸ்பிரிங் நடுவுக்கு இழுத்துவிடும். ஆகவே சுழற்றச் சுழற்ற, பிடியை மெல்ல நடுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை இரத்மலானையில் முதல் வகுப்பிலேயே மறக்க வேண்டிவரும் என்பதை இப்போதே தெரிந்துவைத்திருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு இப்போது வருகிறேன். காசு போக வேண்டிய இடம் கை அல்ல, கால். செஸ்னாவின் உந்துசிறை, ஆசனத்திலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. முழு விசையில் குறைந்த வேகத்தில் மேலெழும்போது மூக்கு இடப்பக்கம் ஓடும்; வாலின் சுக்கானை அசைக்கும் பெடலை வலக்காலால் அழுத்தித்தான் நேராக்க வேண்டும். திரும்பும்போதும் அப்படித்தான். வலப்பக்கம் சாய்த்தால், மேலெழும் இடது இறக்கையைக் காற்று கூடுதலாகப் பின்னிழுக்கும், மூக்கு எதிர்ப்பக்கம் போகும். இதைக் காட்டவே விமானத்தில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குண்டு இருக்கிறது. குண்டு எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கக் காலை அழுத்துவது விதி. விசைப்பலகைக்காரர் இதை அறியவே மாட்டார், ஏனென்றால் மென்பொருளில் தானியங்கிச் சுக்கான் என்ற வசதி அவருக்காகக் காலால் செய்யும் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பெடல் வந்த அன்றே அதை நிறுத்திவிடுங்கள். முறுக்கினால் சுக்கான் அசையும் ஜொய்ஸ்டிக்குகளும் உண்டு, ஆனால் அதில் பழகுவது மணிக்கட்டு.

ஆகவே அண்ணாவிடம் கேட்க வேண்டியது கால்விரல் பிரேக் உள்ள பெடல், அதோடு ஒரு நடுத்தர ஜொய்ஸ்டிக். லொஜிடெக், திரஸ்ட்மாஸ்டர் இரண்டிலும் அத்தகைய பெடல் உண்டு. ஜொய்ஸ்டிக்கில் ஹோல் சென்சர், அதாவது காந்தத்தின் அசைவைத் தொடாமலே அளக்கும் உணரி, இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திரஸ்ட்மாஸ்டர் டி.16000எம்மில் அது இருக்கிறது. மலிவான கருவிகளில் ஒரு தொடுமுனை உரசி உரசி அளக்கும். அது தேய்ந்தாலோ தூசி பிடித்தாலோ, நீங்கள் அசைக்காமலே விமானம் துள்ளும். உங்கள் ஊர் உப்புக்காற்றில் நான் அதை நம்பமாட்டேன். எந்தக் கருவியானாலும் இரவில் துணியால் மூடிவையுங்கள்.

பெடல் வந்ததும் ஒரு வேடிக்கை நடக்கும். வலக்காலை அழுத்துவீர்கள், பெடல் சீமெந்துத் தரையில் முன்னே வழுக்கும், சில்லுக் கதிரை பின்னே ஓடும். சில்லில்லாத கதிரையைப் போட்டு, பெடலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பனம்பலகையைச் செருகுங்கள்.

பயிற்சிக்குப் பலாலியிலிருந்து கிளம்புங்கள். பண்ணைத் தாம்போதியைப் பிடித்து உங்கள் ஊருக்கு மேலாக வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு. திரும்பும்போது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடற்கோட்டை அடையாளம். பலாலி ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடப்பதால் இரண்டு பருவக் காற்றும் பெரும்பாலும் நேராகவே வரும். காலுக்கு வேலை இருக்காது. மென்பொருளில் காற்றை வடமேற்கிலிருந்து வைத்து இறங்கிப் பாருங்கள்.

இன்னொன்று, கணினியில் பழகி வருபவர்கள் வெளியே பார்க்காமல் மானிகளையே வெறிக்கிறார்கள் என்பது பயிற்றுநர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. திரையில் மானிகள் தெரியும் பகுதியைக் கடதாசியால் மறைத்துவிட்டு, அடிவானத்தை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகுங்கள்.

வீட்டில் ஓட்டும் மணித்தியாலங்கள் உரிமக் கணக்கில் சேராது. தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி பொதுவாகக் குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். யோக் வேண்டுமா என்பதைச் சேரப்போகும் பள்ளியிடம் விடுங்கள். எந்த விமானத்தில் பழக்குகிறார்கள் என்று இந்த வாரமே தொலைபேசியில் கேளுங்கள். செஸ்னா என்றால் யோக்கை அடுத்த வருடப் பொதியில் கேட்கலாம், டயமண்ட் என்றால் கேட்கவே தேவையில்லை.